ஏழாம் கிழமையும் இரண்டாம் கிழமையும்

பரம்பரையாக வரும் அதிரீனல் ஓமோன் குறைபாட்டினால் இந்நாட்டில் இன்று ஒரு பாலகன் சாவானாயின், விதி என்று சொல்லி நாம் கைகழுவ முடியாது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் லோசன் வில்கின்ஸ் என்ற சிறுவர் வைத்தியர் 1950இல் இந்நோய்க்குக் கோட்டிசோன் கொடுத்துப் பலன் கண்டார். அன்று தொட்டு முக்கால் நூற்றாண்டாக மருந்து இருக்கிறது. மருந்துள்ள நோயால் பிள்ளை சாகிறதென்றால், நோயை எவரும் தேடிப் பார்க்கவில்லை என்றே பொருள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். புத்தளம் கரையோரத்துத் தாய்மாரின் சார்பில் அவர்களைப் பார்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். சிறுநீரகம் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுவே அதிரீனல். காய்ச்சலையும் காயத்தையும் உடம்பு தாங்குவதற்கான கோட்டிசோலும், உப்பை உடம்பில் பிடித்துவைக்கும் அல்டொஸ்டெரோனும் அங்கேதான் உண்டாகின்றன. ஆறாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு மரபணு பழுதானால், இவற்றை ஆக்குவதற்கு வேண்டிய 21-ஹைட்ரொக்சிலேஸ் என்ற நொதியம் குறைந்துபோகிறது. கோட்டிசோல் போதவில்லை என்று மூளையிலிருந்து தூண்டல் மேல் தூண்டல் வருகிறது. சுரப்பி வீங்குகிறது. கோட்டிசோலாக மாற முடியாத மூலப்பொருள் எல்லாம் ஆண் ஓமோனாகத் திரும்பி அளவு மீறிப் பெருகுகிறது. வைத்தியர்கள் சி.ஏ.எச். என்று சுருக்கிச் சொல்லும் பிறவி நோயில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இந்த வகைதான். தாயும் தந்தையும் பழுதான மரபணுவில் ஒவ்வொன்றைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும். அவர்கள் இருவருக்கும் எந்த நோயும் இராது. தாங்கள் சுமப்பதும் தெரியாது.

பெண் பிள்ளையாயின், கருவிலேயே ஆண் ஓமோன் பட்டு வெளிப்பிறப்புறுப்பு மாறிப் பிறக்கிறது. கருப்பையும் சூலகமும் இயல்பாகவே இருக்கும். வெளித்தோற்றம் மட்டும் ஆணா பெண்ணா என்று மயங்க வைக்கும். ஆண் பிள்ளையாயின், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. நல்ல நிறையோடு பிறந்து தாயோடு வீட்டுக்குப் போவான். கடுமையான வகை நோயுள்ளவர்களில் நாலில் மூன்று பேருக்கு உடம்பு உப்பை இழந்துகொண்டே இருக்கிறது. அது பெரும்பாலும் பிறந்த இரண்டாம் கிழமையில் வெளிப்படும். பிள்ளை பால் எடுக்காது; வாந்தி எடுக்கும்; நிறை இறங்கும்; கண் உள்வாங்கும்; துவண்டு கிடக்கும். இரத்தத்தில் சோடியம் விழுந்து பொட்டாசியம் ஏறும்போது இதயம் தடுமாறும். பெண் பிள்ளையின் மாறிய தோற்றம் வைத்தியரை நிறுத்திப் பார்க்கச் செய்கிறது. பல வேளை அதுவே அவளைக் காப்பாற்றிவிடுகிறது. குறை ஒன்றும் காட்டாத ஆண் பிள்ளைதான் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறான்.

இனிப் புத்தளத்துக்கு வருவோம். கற்பிட்டிக் குடாநாட்டில் கண்டக்குழி, ஆலங்குடா, நுரைச்சோலை, மாம்புரி. களப்புக்கு இந்தப் பக்கம் பாலாவி, தில்லையடி, முந்தல், உடப்பு, சிலாபம். பிரசவங்கள் ஏறத்தாழ எல்லாமே வைத்தியசாலையில் நடக்கும் நாடு இது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. சிக்கல் இல்லாத தாய் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறாள். ஆகவே இரண்டாம் கிழமை வைத்தியர் இல்லாத இடத்தில் வருகிறது. முஸ்லிம் வீட்டில் ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைக்கும் பரபரப்பு. இந்து வீட்டில் துடக்குக் கழியும் நாளுக்கான காத்திருப்பு. கத்தோலிக்க வீட்டில் ஞானஸ்நானத்துக்கான ஆயத்தம். அந்த நேரத்தில் பிள்ளை துவண்டால் முதலில் நாவூறு கழிப்பார்கள். அடுத்து, தாயின் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அதற்கும் அடுத்துக் கிரந்தி என்று எண்ணெய் தேடுவார்கள். வைத்தியசாலை நினைவுக்கு வரும்போது இரண்டு நாள் போயிருக்கும். பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடி அடித்துத் தொழில் செய்யும் குடும்பத்துக்கு வைத்தியசாலைக்கு வழி படகுதான். கடல் கொந்தளித்தால் அந்த வழியும் அடைபடும்.

வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்ததோடும் ஆபத்து தீர்வதில்லை. இதே அறிகுறிகள் கிருமித் தொற்றிலும் வயிற்றோட்டத்திலும் உண்டு. சேலைன் ஏற்றி, கிருமிக்கு மருந்து போட்டு, பிள்ளை சற்றுத் தேறி, மீண்டும் சரிவான். இந்த நோயை நினைத்து இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சீனி மூன்றையும் பார்த்து, கோட்டிசோலாக மாறாமல் தேங்கும் மூலப்பொருளான 17-ஹைட்ரொக்சிபுரொஜெஸ்டிரோன் அளவுக்கு மாதிரி எடுத்து, ஹைட்ரோகோட்டிசோன் ஊசியை உடனே போட்டால் பிள்ளை பிழைப்பான். நினைக்காவிட்டால் மரணச் சான்றிதழில் வேறொரு நோயின் பெயர் விழும். வேறு பெயர் விழுவதால் இந்நோய் அரிது என்ற எண்ணம் வலுக்கும். அரிது என்பதால் அடுத்த பிள்ளையிலும் எவரும் நினைக்கமாட்டார்கள். இந்தச் சுழற்சியைத் தெரிந்துகொண்டும் அறுக்காமல் இருப்பதே நாம் குற்றம் என்று சொல்வது.

அப்படி ஒரு பிள்ளையை இழந்த தம்பதியை நினைத்துப் பாருங்கள். அல்லது ஆணா பெண்ணா என்று தெரியாமல் ஒரு மகளைப் பெற்று, ஊர் வாயிலிருந்து அவளை மறைத்து வளர்க்கும் தாயை. அடுத்த கர்ப்பம் தரிக்கும்போது அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். கட்டாரில் வேலை பார்க்கும் கணவன் கைப்பேசியில் தேடுவான். கருவிலேயே சிகிச்சை உண்டு என்று வாசிப்பான். கொழும்பில் ஒரு நிபுணரைச் சனல் பண்ணிப் பார்க்கச் சொல்லிக் காசு அனுப்புவான். அந்தச் சிகிச்சை பற்றி நேராகப் பேசியே ஆக வேண்டும்.

பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் டேவிட், மகெலோன் பொரே ஆகிய இருவரும் 1984இல் இதனை அறிவித்தார்கள். கர்ப்பிணிக்கு டெக்சாமெதசோன் கொடுப்பதே முறை. கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் பெயர் கேட்ட அதே மலிவான ஸ்டீரொய்ட்தான். ஹைட்ரோகோட்டிசோனை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடும். டெக்சாமெதசோனோ அதைக் கடந்து கருவுக்குள் போகும். கருவின் அதிரீனலுக்குப் போகும் தூண்டலை அது அடக்குவதால், பெண் கருவின் உறுப்பு ஆண் ஓமோன் படாமல் இயல்பாக உருவாகும். கணக்கு பல பேருக்குச் சரியாகவே வந்தது. ஆனால் உறுப்பு உருவாகத் தொடங்குவதற்கு முன்பே மருந்து போயாக வேண்டும். கர்ப்பத்தின் ஏழாம் கிழமை அளவில் தொடங்க வேண்டும். ஒன்பதாம் கிழமை தாண்டினால் பயனை நம்ப முடியாது. கருவுக்கு நோய் உண்டா என்று பார்க்க நஞ்சுக்கொடியின் துணுக்கு எடுக்கும் சோதனையோ பத்தாம், பதினோராம் கிழமைக்குப் பிறகுதான். ஆகவே யாருக்கு என்று தெரியாமலே எல்லோருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பாருங்கள். இப்படிப்பட்ட தம்பதியின் எட்டுக் கர்ப்பங்களில் நோயுள்ளவை சராசரியாக இரண்டு. அவற்றில் ஒன்று ஆண்; அவனுக்கு இந்த மருந்தால் ஒரு நன்மையும் இல்லை. மிஞ்சும் ஒரேயொரு பெண் கருவுக்காக மற்ற ஏழு கருக்களும், உருவாகும் மூளையோடும் எலும்போடும் கிழமைக்கணக்கில் வலிமையான ஸ்டீரொய்டில் ஊறுகின்றன. அந்த ஒரு பெண்ணுக்கும் நோய் தீர்வதில்லை. உப்பு இழப்பு நிற்பதில்லை. ஆயுள் முழுதும் வில்லை போட வேண்டியதும் மாறுவதில்லை. மாறுவது வெளித்தோற்றம் ஒன்றே.

சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவகத்தார் இச்சிகிச்சையை ஆய்வாகவே நடத்தி, பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். நோயில்லாமலே கருவில் மருந்து பட்ட பிள்ளைகளிடம் சொற்களை நினைவில் தாங்கும் திறன் குறைந்திருப்பதாக 2007இல் எழுதினார்கள். சிறிய எண்ணிக்கைதான், பிற்கால ஆய்வுகளில் சில அந்த அச்சத்தைக் குறைத்தும் இருக்கின்றன. ஆனாலும் 2010இல் புதிய கர்ப்பிணிகளைச் சேர்ப்பதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். தாங்கள் தொடங்கியதைத் தாங்களே நிறுத்த நெஞ்சுரம் வேண்டும். அதே ஆண்டில் அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கமும், இது பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சை, ஒழுக்கக்குழு அனுமதித்த ஆய்வுக்கு வெளியே கொடுக்கலாகாது என்று வழிகாட்டியது. 2018இலும் அந்த நிலைப்பாட்டை மாற்றவில்லை.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. டயெதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை ஓமோனைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் மூன்று தசாப்தங்கள் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தாய்மாரின் பெண் பிள்ளைகள் பருவமடைந்த பிறகு அரிய புற்றுநோய் தலைகாட்டியதை 1971இல்தான் கண்டார்கள். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். நல்ல நோக்கம் கருவிலிருக்கும் பிள்ளைக்குக் காப்பாவதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டதே என்று கேட்பார்கள். உண்மைதான். தாயின் இரத்தத்திலேயே கருவின் மரபணுத் துணுக்குகள் மிதப்பதை ஹொங்கொங் விஞ்ஞானி டெனிஸ் லோ 1997இல் காட்டினார். அதனால் கரு ஆணா பெண்ணா என்று ஏழாம் கிழமை அளவிலேயே அறிந்து, ஆண் கருக்களை இந்த மருந்திலிருந்து விலக்கலாம். அப்படி விலக்கிய பிறகும் மிஞ்சும் நாலு பெண் கருக்களில் மூன்று நோயில்லாதவை. மூன்று பிள்ளைகளின் சம்மதம் இல்லாமல் நாலாவது பிள்ளையின் தோற்றத்துக்கு விலை பேசும் உரிமை எந்த வைத்தியருக்கும் எந்தப் பெற்றோருக்கும் கிடையாது.

ஆகவே நமது முதல் தீர்ப்பு இது. ஒழுக்கக்குழுவின் அனுமதி, தாய் விளங்கிக்கொள்ளும் மொழியில் எழுத்துச் சம்மதம், பிள்ளை வளர்ந்து ஆளாகும்வரை பின்தொடரும் ஆய்வு ஆகிய மூன்றும் இல்லாமல், இந்த நோக்கத்துக்காக இலங்கையில் எந்தக் கர்ப்பிணிக்கும் டெக்சாமெதசோன் எழுதிக் கொடுப்பது பிழை. சனல் அறையில் எழுதினாலும் பிழை. பாமசியில் துண்டில்லாமல் கொடுத்தாலும் பிழை. தாய்மார் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குறைமாதத்தில் பிரசவம் நெருங்கும்போது பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காக வைத்தியசாலையில் போடும் ஸ்டீரொய்ட் ஊசி வேறு விடயம். அது சில நாள் மட்டும் போடுவது, நிரூபணமானது, உயிர் காப்பது. தன் சொந்த நோய்க்காக ஸ்டீரொய்ட் எடுக்கும் தாயும் இதை வாசித்துவிட்டுத் தானாக வில்லையை நிறுத்தக் கூடாது.

மாறிய தோற்றத்தோடு மகளைப் பெற்ற தாயின் வேதனையை நாம் சிறிதாக நினைக்கவில்லை. வேதனைக்குக் காரணம் அந்த உறுப்பு என்பதைத்தான் ஏற்கமாட்டோம். குளியல் அறைக்குள் எட்டிப் பார்க்கும் சொந்தமும், எப்போது கலியாணம் என்று கேட்கும் ஊரும்தான் காரணம். ஊரின் வாயை அடக்க முடியாததற்காக ஏழு கருக்களுக்கு மருந்தூட்டுவது நியாயமாகாது.

கருவிலே நோயறிதல் என்பதை நாம் எதிர்க்கவில்லை. அது எதற்கு என்பதில்தான் தெளிவு வேண்டும். கருவைக் கலைப்பதற்கு அல்ல. இந்நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. 2017இல் அமைச்சரவை அதைச் சற்றுத் தளர்த்த முயன்றது; மதத் தலைவர்களின் எதிர்ப்போடு அந்த முயற்சி நின்றுபோயிற்று. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் சி.ஏ.எச். அதற்குள் வராது. மருந்து கொடுத்தால் படித்து, வேலை பார்த்து, கலியாணம் கட்டி, பிள்ளையும் பெறக்கூடிய ஒருவரைப் பற்றிய பேச்சு இது. எனவே கருவிலே அறிவது ஆயத்தத்துக்கு மட்டுமே. எந்த வைத்தியசாலையில் பிரசவம், எந்த நாளில் இரத்தம் எடுப்பது, முதல் வில்லையை யார் கையில் கொடுப்பது என்பனவற்றை முன்கூட்டியே தீர்மானிப்பதற்கு. அதற்கும் முதற்பிள்ளையின் மரபணு அறிக்கை கையில் இருக்க வேண்டும். பழுதாகும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே அதைப் போன்ற செயலற்ற பிரதி ஒன்று கிடப்பதால் சாதாரணச் சோதனை ஏமாந்துபோகும். நோயுள்ள பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கும்போதே மூவரின் இரத்தத்தையும் தேர்ந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பி விடையை எழுதி வைத்துக்கொள்வதே வழி. கர்ப்பம் தரித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

ஆனால் இதெல்லாம் நோய் இருப்பது தெரிந்த குடும்பத்துக்கு. முதற்பிள்ளையிலேயே நோய் வரும் வீட்டுக்குக் கர்ப்பகாலச் சோதனை எதுவும் உதவாது. அங்கே உதவக்கூடியது ஒன்றுதான்: பிறந்த சில நாளில் குதிக்காலில் குத்தி வடிதாளில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம். இந்நாட்டில் தைரொயிட் குறைபாட்டைக் கண்டறிய அந்தச் சொட்டு எடுக்கப்பட்டுத்தான் வருகிறது. தாய் அழைத்து வரப்பட்டாயிற்று, தாதி நிற்கிறாள், ஊசி குத்தியாயிற்று, தாள் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அதே தாளில் 17-ஹைட்ரொக்சிபுரொஜெஸ்டிரோனையும் பார்க்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இது பணக்கார நாட்டின் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் பிலிப்பைன்சைப் பார்க்கட்டும். தீவுகளும் மீனவரும் நிறைந்த நாடு. நம்மைப் போலவே வெளிநாட்டு உழைப்பில் அடுப்பெரியும் நாடு. அங்கே 1996இல் சிசுச் சோதனையைத் தொடங்கும்போதே சி.ஏ.எச். பட்டியலில் இருந்தது. 2004இல் அதைச் சட்டமாக்கினார்கள். இந்நோய்க்கான முதற் சோதனைத் திட்டமும் மாநகரம் எதிலும் தொடங்கவில்லை. 1977 அளவில் அலாஸ்காவின் ஒதுக்குப்புறத்தில், கடலை நம்பி வாழும் யூப்பிக் மக்களிடையே தொடங்கியது. வைத்தியசாலை எட்டாத் தூரத்தில் இருந்ததால்தான் அவர்களுக்கு அது முதலில் தேவைப்பட்டது. 300க்கும் குறைவான பிறப்புகளுக்கு ஒரு பிள்ளை நோயோடு பிறப்பதையும் அங்கே கண்டார்கள்.

நம்மிடையே எத்தனை பேர்? உலகப் பொதுக் கணக்கு ஏறத்தாழ 15,000 பிறப்புகளுக்கு ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சிசுக்களைச் சோதித்தபோது 5,762க்கு ஒன்று என்று வந்தது. அந்த ஐந்தில் மிக அதிகம் சென்னையில்: 2,036க்கு ஒன்று. ஒரு நகரத்தின் அளவான மாதிரியை வைத்து நம் நாட்டுக்குத் தீர்மானம் சொல்ல முடியாது. ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் முடிக்கும் வழக்கம் அக்கரைக்கும் இக்கரைக்கும் பொது. இந்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறக்கிறார்கள். இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், குறைந்த கணக்கில் பதின்மூன்று, இந்தியப் பொதுக் கணக்கில் ஏறத்தாழ முப்பத்தைந்து. அவர்களில் பாதிப்பேர் பார்வைக்குக் குறையில்லாத ஆண்கள்.

எதிர்வாதமும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. குறைமாதப் பிள்ளையிடமும் வேறு நோயால் தளர்ந்த பிள்ளையிடமும் இந்தச் சோதனை பொய்யாக உயர்ந்து காட்டும். பெற்றோர் வீணாகக் கலங்குவர். பிரித்தானியா இதைத் தன் தேசியத் திட்டத்தில் சேர்க்காமலே இருக்கிறது. ஆனால் லண்டன் தாய்க்கு நள்ளிரவில் வாசலுக்கு அம்புலன்ஸ் வரும். கற்பிட்டிக்கு அப்பால் தீவில் இருக்கும் தாய்க்கு அடுத்த சோதனைச்சாலை கடலுக்கு அந்தப் பக்கம். இரண்டாவது இரத்தச் சோதனைக்காகச் சில தாய்மார் வீணாக ஒரு நாள் அலைவது, ஒரு பிள்ளை பெயரில்லாத நோயில் போவதற்கு ஈடாகாது.

அரசின் சோதனை வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. இந்நாட்டின் மிகச் சிறந்த கருவி குடும்பநல உத்தியோகத்தர். ஊரார் மிஸ் என்று கூப்பிடும் அந்தப் பெண். பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாளில் இரண்டு தடவை, அதன்பின் பதினான்காம் நாளுக்கும் இருபத்தொராம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. உப்பு இழக்கும் பிள்ளை சரியும் நாட்களும் இவைதான். ஆகவே அவருக்குத் தராசும் இரண்டு கேள்வியும் போதும். பிள்ளை பிறந்த நிறையை எட்டிவிட்டதா? இந்த வீட்டிலோ இரு பக்கச் சொந்தத்திலோ பிறந்த மாதத்துக்குள் போன ஆண் பிள்ளை உண்டா? இரண்டாவது கேள்வி கர்ப்பிணிக் கிளினிக்கின் முதல் நாளிலேயே பதிவேட்டில் ஏற வேண்டும். புத்தளத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து வேரூன்றிய முஸ்லிம் குடும்பங்களில், எந்தப் பெரியம்மாவுக்கு எத்தனை பிள்ளை தங்கவில்லை என்ற கதை ஊரோடும் அயலோடும் சிதறிப்போயிற்று. கேட்டாலொழிய அது திரும்ப வெளியே வராது.

பெண் பிள்ளைக்கு வருவோம். பிறந்தவுடன் மயக்கம் இருந்தால் 'ஆண்' என்று அவசரப்பட்டு எழுதுவதும், சுன்னத்துக்கு நாள் பார்ப்பதும், பெயர் அறிவிப்பதும் நிற்க வேண்டும். இரத்தச் சோதனையும் ஸ்கானும் சில நாளில் விடை சொல்லிவிடும். விடை கிடைத்தபின் வரும் பெரிய ஆபத்து கத்தி. சிறுநீர் அடைப்பு முதலிய உயிர்த் தேவை இல்லாதபோது, தோற்றத்தைத் திருத்துவதற்காகச் சிசுவின் உறுப்பில் அறுவை செய்வது அவளுடைய உணர்வையும் பிற்கால வாழ்வையும் அவளைக் கேளாமல் எடுத்துக்கொள்வதாகும். கடலுக்கு அக்கரையில், தூத்துக்குடித் தம்பதி ஒருவரின் திருமணப் பதிவு வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22இல் இதைத் தடுக்கச் சொன்னது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதனின் தீர்ப்பு அது. அதே ஆண்டு ஓகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிராபத்து இருந்தாலன்றி அத்தகைய அறுவை கூடாது என்று ஆணையிட்டது. இலங்கைச் சுகாதார அமைச்சும் அதே ஆணையைப் பிறப்பிக்க வேண்டும். அவள் வளர்ந்து, தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கட்டும்.

நம் சமூகத்தின் மீதும் தீர்ப்பு உண்டு. பிள்ளைக்கு நோய் என்றதும் மருமகளின் வயிற்றைப் பழிப்பது அநியாயம் மட்டுமல்ல, பொய்யும் கூட. இந்நோய் வர மகனுடைய மரபணுவும் வேண்டும். உறவுத் திருமணத்தைத் தடைசெய் என்று நாம் சொல்லவில்லை. அப்படிக் கட்டிய பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் சுகமாகவே இருக்கிறார்கள். நோய் இருந்த குடும்பம் அதை மறைத்துச் சம்பந்தம் பேசுவதுதான் பாவம். மறைத்த ஒரு சொல் அடுத்த தலைமுறையில் ஒரு பிள்ளையின் உயிரைக் கேட்கும். தலவில அன்னம்மாளின் திருவிழாவுக்குக் கூடும் சனத்துக்குப் பங்குத்தந்தையும், வெள்ளி ஜும்ஆவில் மௌலவியும், முன்னேஸ்வரத்திலும் உடப்புத் திரௌபதியம்மன் கோயிலிலும் பெரியவர்களும் இதைச் சொன்னால், சுகாதாரத் திணைக்களத்தின் ஆயிரம் துண்டுப்பிரசுரங்களைவிட ஆழப் பதியும். சொல்லாவிட்டால் அவர்களும் பங்காளிகள்.

கண்டுபிடித்து விட்டோம் என்றால் கடமை முடியவில்லை; அங்கேதான் தொடங்குகிறது. ஹைட்ரோகோட்டிசோன் நாளுக்கு மூன்று வேளை. உப்பு இழப்பவர்களுக்கு ஃப்ளூட்ரோகோட்டிசோன். குழந்தைப் பருவத்தில், வைத்தியர் அளந்து சொன்னபடி, சாதாரண உப்பும் மருந்து. புத்தளமோ நாட்டுக்கு உப்பு விளைவிக்கும் மாவட்டம். பாலாவி உப்பளத்தைத் தாண்டிப் போகும் அம்புலன்சில் உப்பில்லாமல் ஒரு பிள்ளை போகக் கூடாது. காய்ச்சல் வந்தால் வில்லையை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தி எடுத்தால் ஊசி போட வேண்டும். அந்த ஊசி மருந்து வீட்டிலேயே இருக்க வேண்டும், போடத் தாய்க்கோ தந்தைக்கோ தெரிந்திருக்க வேண்டும். 2022இல் வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் போன மாதங்களை எவரும் மறக்கவில்லை. சிலருக்கு மட்டுமே தேவையான மருந்துதான் அப்படிப்பட்ட நாளில் முதலில் தட்டுப்பாடாகும். கேட்க ஆளில்லாத காரணத்தால். அகச்சுரப்பி நோயுள்ள பிள்ளைகளின் வில்லைகளுக்குத் தனி இருப்பு வைக்கப்பட வேண்டும். கொழும்புச் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைவரை ஒவ்வொரு மாதமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வைப்பது சிகிச்சையாகாது. சிலாபத்திலும் புத்தளத்திலும் அந்த மருந்து தொடர்ந்து கிடைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2024 டிசம்பரில் கிரினெசர்ஃபொன்ட் என்ற புதிய மருந்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஸ்டீரொய்டின் அளவைக் குறைக்க அது உதவும். நல்ல செய்தி. ஆனால் எழுபத்தைந்து வருடப் பழைய வில்லையையே ஒழுங்காகக் கொடுக்காத நாடு புதியதைப் பற்றிப் பேசுவதற்கு முன் தன் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

முடிவாக, யார் எதற்குப் பொறுப்பு என்று பெயர் சொல்லி வைக்கிறோம். குதிக்கால் இரத்தத் தாளில் இந்தச் சோதனையைச் சேர்ப்பதும், சிசு அறுவையைத் தடுப்பதும் சுகாதார அமைச்சின் பொறுப்பு. அமைச்சு தாமதித்தால், புத்தளம் மாவட்டத்தில் மட்டுமாவது முன்னோடியாகத் தொடங்குவது வடமேல் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. கர்ப்பிணிக் கிளினிக்கில் அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பது ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பு. துவண்டு வரும் பத்து நாள் ஆண் பிள்ளையிடம் சோடியமும் பொட்டாசியமும் பார்ப்பது கடமையிலிருக்கும் வைத்தியரின் பொறுப்பு. கர்ப்பத்தின் ஏழாம் கிழமைக்கு மருந்து எழுதத் துடிக்கும் நிபுணர், பிறப்பின் இரண்டாம் கிழமைக்கு என்ன ஏற்பாடு செய்தார் என்று முதலில் சொல்லட்டும். அதற்கு விடை இல்லாதவருக்குக் கருவில் கைவைக்க உரிமை இல்லை.